இங்கிலாந்தில் ஏ லெவலுக்கு ஆங்கில இலக்கியமும் திரைப்படக் கல்வியும் சேர்த்து எடுக்கலாமா?

ஏ லெவல் என்பது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளிப் படிப்பு; பொதுவாக மூன்று பாடங்கள்தான். மகள் இந்த இரண்டையும் எடுக்க விரும்புகிறாள், ரெண்டும் ஒன்றுதானே, ஒரு இடம் வீணாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றல்ல. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும், அவ்வளவுதான்.

இலக்கியத்தில் குறைந்தது எட்டு நூல்கள் படிக்க வேண்டும். அவற்றில் மூன்று 1900-க்கு முந்தையவை; ஷேக்ஸ்பியர் கட்டாயம். மதிப்பெண்ணில் 80 சதவீதம் தேர்வு, 20 சதவீதம் தேர்வறைக்கு வெளியே எழுதும் கட்டுரை. ஒரு சொல்லை ஏன் அங்கே போட்டார் என்று நாள்கணக்கில் யோசிக்கும் படிப்பு இது.

திரைப்படக் கல்வியில் அந்தக் கேள்வியே வேறு உருவம் எடுக்கிறது. கேமரா ஏன் கீழே இருந்து பார்க்கிறது? வெட்டு ஏன் இந்த நொடியில் விழுகிறது? நாவலில் ஒரு பத்தி முழுக்கச் சொல்லும் தயக்கத்தை, படத்தில் வெளிச்சமும் மௌனமும் சொல்லிவிடும். அதைக் கவனிக்கப் பழகியவர்கள் மறுபடி நாவலைத் திறந்தால், 'யார் கண் வழியாக இதைப் பார்க்கிறோம்?' என்று தானாகவே கேட்பார்கள். தேர்வு நடத்தும் அமைப்புகளில் ஒன்றான எடுக்காஸ் (Eduqas) வாரியத்தில் 30 சதவீதம் செய்முறை: குறும்படம் எடுக்கலாம், அல்லது திரைக்கதை எழுதலாம். சும்மா படம் பார்த்துப் பொழுது போக்கலாம் என்று நினைத்துச் சேர்பவர்கள் இங்கேதான் திணறுவார்கள். துணைத் தலைப்புடன் பிறமொழிப் படங்களும் உண்டு.

மூன்றாவது பாடத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டிலுமே கட்டுரை எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிடும். அதனால் வரலாற்றை விட கணிதமோ ஒரு மொழியோ நல்லது என்பது என் எண்ணம். மருத்துவம் போன்ற படிப்பு மனதில் இருந்தால், அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விதிகளை முதலில் பாருங்கள்.