சன்ரூஃப் கண்ணாடிக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். இரண்டு வேலி (சுமார் 13 ஏக்கர்) நஞ்சை, இப்போது சம்பா நிற்கிறது. 2012-ல் பதிவான பென்ஸ் இ கிளாஸ் டீசல் காரை 2018-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சின்ன வயதிலிருந்தே இருந்த ஆசை அது. போன வாரம் பேராவூரணியில் மைத்துனர் வீட்டுத் தென்னை மரத்தடியில் நிறுத்தியிருந்தபோது காய் விழுந்து சன்ரூஃப் கண்ணாடி நொறுங்கிவிட்டது. புதுக் கண்ணாடி போட திருச்சிப் பட்டறை ஒன்றில் 1,20,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி எடுத்து, புது ரப்பர் பீடிங்கோடு மாட்டினால் 38,000 ஆகுமாம். உள்ளூரில் ஒருவர் தகடு அடித்து மூடிவிடலாம், 9,000 போதும் என்கிறார். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, 50 சதவீதம் நோ கிளைம் போனஸும் இருக்கிறது. "கிளைம் போட்டால் போனஸ் போய்விடும், விட்டுவிடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். கையில் இருந்த பணமெல்லாம் வயலில் கிடக்கிறது. மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துப் போட்டுவிடலாமா? அவரோ, 5 லட்சம்கூடப் போகாத காருக்கு எதற்குச் செலவு, தள்ளிவிட்டுத் தை மாதம் புதுக் கார் வாங்கலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: நகையை வைக்க வேண்டாம். அதற்கான அவசியம் உங்களுக்கு இல்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

காரை எடுத்து ஓட்டாதீர்கள். எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். விழுந்த காய், மரம், சீட்டில் சிதறிய கண்ணாடித் துண்டுகள் எல்லாம் அதில் தெரியட்டும். பிறகு கூரைக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஒரு கொட்டகைக்குள் நிறுத்துங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றே போன் செய்து கிளைம் எண் வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது. ஏன் தாமதம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை எந்தப் பட்டறைக்காரரையும் கை வைக்க விடாதீர்கள்.

தார்ப்பாயை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நம் பக்கத்தில் எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மாதிரிக் கார்களில் தரை விரிப்புக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் வயர்களும் மின்னணுப் பெட்டிகளும் போகின்றன. அங்கே தண்ணீர் நின்றால் கண்ணாடியைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும். அதோடு, விபத்துக்குப் பிறகு வண்டியைப் பாதுகாக்க வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசியிலேயே நிபந்தனை உண்டு. திறந்த கூரையோடு மழையில் விட்டு, அதனால் வந்த சேதத்துக்கும் பணம் கேட்டால் தரமாட்டார்கள்.

கண்ணாடியை ஒட்டிச் சரிசெய்ய முடியாதா என்று சிலர் கேட்பார்கள். முன்பக்கக் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிலிம் வைத்துச் செய்தது. அதில் சின்ன விரிசல் வந்தால் பிசின் ஊற்றி அடைக்கலாம். உங்களுடையது நொறுங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பொடிப்பொடியாக உதிர்வது டெம்பர்டு கண்ணாடி. அதை மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

இப்போது ஏஜென்ட் சொன்னதற்கு வருவோம். கிளைம் இல்லாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் நோ கிளைம் போனஸ். அது போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் போனால் எத்தனை ரூபாய் போகும் என்று அவர் சொன்னாரா? இதைக் கணக்குப் போடாமல்தான் பலர் கிளைமை விட்டுவிடுகிறார்கள். சிலர் 5,000 ரூபாய்க்குக் கிளைம் போட்டுப் போனஸை இழந்துவிட்டு வந்தும் நிற்கிறார்கள்.

பாலிசியில் உங்கள் காரின் சேதத்துக்கு ஓன் டேமேஜ் என்று ஒரு பகுதி, உங்கள் காரால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்குத் தர்ட் பார்ட்டி என்று ஒரு பகுதி இருக்கும். போனஸ் ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான். உங்கள் காரின் வயதையும் விலையையும் வைத்து, போனஸ் கழிப்பதற்கு முன் அந்தப் பிரீமியம் 14,000 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் தாளைப் பார்த்துச் சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது 50 சதவீதம் போக 7,000 கட்டுகிறீர்கள். கிளைம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் முழு 14,000 கட்ட வேண்டும். அதில் 7,000 நஷ்டம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கிளைம் இல்லாமல் போனால் போனஸ் 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொடும். அந்த வருடங்களில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது முறையே 4,200, 3,500, 2,100, 700. எல்லாம் சேர்த்தால் 17,500 ரூபாய், அதுவும் ஐந்து புதுப்பித்தல்களில் பிரிந்து போகிறது. போனஸின் விலை இவ்வளவுதான்.

சரி, கிளைம் போட்டால் கம்பெனி எவ்வளவு தரும்? கார் பழையது, பாதிதான் வரும் என்று நீங்கள் பயந்திருக்கலாம். கண்ணாடி விஷயத்தில் அந்தப் பயம் வேண்டாம். சாதாரண பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவே கிடையாது, கார் எத்தனை வயதானாலும் சரி. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு 10 வருடம் தாண்டிய காரில் 50 சதவீதம். உங்கள் 1,20,000 ரூபாய் எஸ்டிமேட்டில் கண்ணாடி 72,000, ரப்பர் பீடிங் 9,000, உள்பக்கப் பிளாஸ்டிக் 6,000, காய் விழுந்த வேகத்தில் வளைந்த, கண்ணாடி நகரும் உலோகத் தண்டவாளப் பாகம் 18,000, கூலி 12,000, பசை போன்ற சில்லறைகள் 3,000 என்று இருப்பதாகக் கொள்வோம். கண்ணாடியும் கூலியும் முழுசாக 84,000. மற்றவற்றில் பாதியாக 4,500, 3,000, 9,000. சில்லறைப் பொருள்களுக்கு எதுவும் வராது. மொத்தம் 1,00,500. 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்குக் கட்டாயமாக 2,000 ரூபாய் நாம் ஏற்க வேண்டும். அது போக 98,500 கம்பெனி தருகிறது. உங்கள் கையிலிருந்து போவது 21,500.

எஸ்டிமேட்டை இப்படிப் பிரித்துத் தரச் சொல்லிப் பட்டறையில் கேளுங்கள். ஒரே வரியில் 'சன்ரூஃப் அசெம்பிளி' என்று எழுதிவிட்டால் கண்ணாடிக்கு வர வேண்டிய முழுப் பணத்தில் கழிவு பிடிக்க இடம் கொடுத்ததாகிவிடும். ஜிஎஸ்டி 28 சதவீதம் என்று எங்காவது போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம்தான்.

இப்போது இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிளைம் என்றால் இன்று 21,500, பின்னால் சிறுகச் சிறுக 17,500, ஆக 39,000. புதுப்பேட்டைக் கண்ணாடி என்றால் இன்றே 38,000. ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? இந்தக் காரை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதை வைத்து. கண்ணாடி விலையை விட அந்தக் கேள்விதான் முக்கியம். உங்கள் வீட்டில் கேட்டதும் அதைத்தான்.

நோ கிளைம் போனஸ் காருக்குச் சொந்தமானதல்ல, உங்களுக்குச் சொந்தமானது. இந்தக் காரை விற்றுவிட்டுப் புதுக் கார் வாங்கினால், விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டிப் போனஸுக்குக் கடிதம் வாங்கிப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கடிதம் 3 வருடம் செல்லும். புதுக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் 40,000 என்றால் 50 சதவீதப் போனஸ் முதல் வருடமே 20,000 மிச்சப்படுத்தும். போனஸ் இல்லாமல் தொடங்கினால் முதல் இரண்டு வருடத்திலேயே 30,000 பக்கம் கூடுதலாகப் போய்விடும். அப்போது கிளைமின் உண்மையான செலவு 50,000-ஐத் தாண்டுகிறது, புதுப்பேட்டைக் கண்ணாடி லாபமாகிவிடுகிறது. ஆகவே தை மாதம் புதுக் கார் வாங்குவது உறுதி என்றால் கிளைம் போடாமல், பழைய கண்ணாடியை மாட்டி, காரை விற்று, போனஸைக் கையோடு எடுத்துப் போங்கள். அந்த நிலையில் உங்கள் ஏஜென்ட் சொன்னது சரி.

ஆனால் புதுக் கார் வாங்கும் முடிவை ஒரு தேங்காயிடம் விட வேண்டாம் என்பதே என் எண்ணம். வீட்டில் சொல்லும் யோசனை தப்பு என்று நான் சொல்லவில்லை. சம்பா இன்னும் களத்துக்கு வரவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வங்கிக்கு வருவதற்கு முன், 10, 15 லட்ச ரூபாய்க்கு மாதத் தவணை ஒப்புக்கொள்வது இரண்டு வேலி வருமானத்துக்குக் கனமான சுமை. 2027-ல் உங்கள் காருக்கு 15 வருடம் முடிந்து ஆர்சி (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் 600-லிருந்து 5,000 ஆகியிருக்கிறது. பசுமை வரி, தகுதிச் சோதனை எல்லாம் கூட உண்டு. காரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று உட்கார்ந்து பேச அதுதான் சரியான நேரம். அதுவரை இந்தக் காரே ஓடட்டும். அப்படியானால் கிளைம் போடுங்கள். இன்றைக்குக் கையிலிருந்து குறைவாகப் போகும், பில்லோடு புதுக் கண்ணாடி வரும். 2027-க்குள் விற்க நேர்ந்தாலும் வாங்குபவர் கூரையைத் தட்டிப் பார்த்து விலை குறைக்க மாட்டார்.

9,000 ரூபாய்த் தகட்டை மறந்துவிடுங்கள். மழையில் ஒழுகும், விற்கும்போது பார்த்தவுடன் விலை விழும்.

கிளைம் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஆர்சியிலும் பாலிசியிலும் உங்கள் பெயரே இருக்கிறதா? செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களில் பலர் ஆர்சியை மாற்றிவிட்டுப் பாலிசியை முந்தைய உரிமையாளர் பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி இருந்தால் கிளைம் நிற்காது. அந்த 50 சதவீதமும் நீங்களே கிளைம் இல்லாமல் சேர்த்ததாக இருக்க வேண்டும், பழைய உரிமையாளருடையது உங்களுக்குச் செல்லாது. அடுத்தது, இந்தக் காரை யாருடைய கல்யாண ஊர்வலத்துக்காவது வாடகைக்கு விட்டதுண்டா? சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுப்பதில் தவறில்லை. பணம் வாங்கினால் தனிப்பட்ட காருக்கான பாலிசி செல்லாமல் போகும். நம் பக்கத்தில் பெரிய கார் வைத்திருப்பவர்களிடம் இப்படிக் கேட்டு வருவது வழக்கம் என்பதால் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் தென்னை விழுந்து நசுங்கிய கார்களை நிறையப் பார்த்தேன். பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கத் தர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தவர்கள், தோப்பும் போய் வண்டியும் போய் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அடுத்த புதுப்பித்தலில் பிரீமியம் 7,000 கூடியிருக்கிறதே என்று ஓன் டேமேஜை எடுத்துவிடாதீர்கள்.

நகைக்கு வருகிறேன். கிளைமைக் கேஷ்லெஸ் முறையில் செய்யுங்கள். உங்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள பட்டறை எது என்று கிளைம் எண் வாங்கும்போதே கேளுங்கள். திருச்சிப் பட்டறை அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் தஞ்சாவூரிலோ சென்னையிலோ இருப்பதற்கு மாற்றிக்கொள்ளலாம். கேஷ்லெஸ் என்றால் கம்பெனி பங்கை அவர்களே நேராகக் கட்டிவிடுவார்கள், நீங்கள் 21,500 மட்டும் கொடுத்து வண்டியை எடுக்கலாம். முழுப் பணத்தையும் முதலில் கட்டிப் பிறகு வாங்கும் முறையில் போனால்தான் 1,20,000 தேடி நகை வரை போக வேண்டிவரும். பயிர்ச் செலவுக்கென்று எழுதிக் கொடுத்து எடுக்கும் நகைக்கடனைக் காருக்குச் செலவழிப்பதும் முறையல்ல. அறுவடைக்கு முன் மழையில் பயிர் சாய்ந்தால் ஆள் கூலிக்கு அந்த நகைதான் கை கொடுக்கும். அதை வீட்டிலேயே விட்டுவையுங்கள். 21,500-ஐயும் உடனே புரட்ட முடியாவிட்டால், சர்வே முடிந்து கண்ணாடி வர எப்படியும் நாளாகும். அதற்குள் சேர்த்துவிடலாம்.

வண்டியை எடுக்கும் நாளில் பட்டறையிலேயே கூரை மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சன்ரூஃப் சட்டத்தின் மூலைகளிலிருந்து தண்ணீரைக் கீழே இறக்கும் சின்னக் குழாய்கள் இருக்கும். உதிர்ந்த கண்ணாடித் தூளும் தென்னம்பூவும் அவற்றில் அடைத்திருந்தால், புதுக் கண்ணாடி போட்டும் உள்ளே ஒழுகும். ஊற்றிய தண்ணீர் கார் அடியில் சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, கண்ணாடி ஒருமுறை முழுசாகத் திறந்து மூடுகிறதா என்றும் பார்த்துவிட்டு, டெலிவரித் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.