இணையத்தில் ஓடும் அலுவலக மென்பொருளில் தமிழ்ப் பிழைதிருத்தி சேர்ப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கான மென்பொருள். கடன் விண்ணப்பம், கடிதம், கூட்ட அறிக்கை எல்லாம் பிரவுசரிலேயே எழுதுகிறார்கள். குரோமில் இருக்கும் பிழைதிருத்தி போதுமா, தனியாக ஒன்று வைக்க வேண்டுமா?

பதில்:

தனியாக வையுங்கள். பெட்டியில் ஸ்பெல்செக் பண்பை இயக்கி, மொழி தமிழ் என்று குறித்தால் வேலை முடிந்த மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தந்தக் கணினியில் தமிழ் அகராதி இருந்தால்தான் சிவப்புக் கோடு விழும். சங்கத்துச் சொற்களை எல்லாக் கணினிக்கும் பொதுவாகச் சேர்க்கவும் வழியில்லை. குரோமில் மேம்பட்ட பிழைதிருத்தத்தை யாராவது இயக்கியிருந்தால், தட்டச்சிடுவது கூகுள் சேர்வருக்குப் போகும். ஆகவே அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் பெட்டிகளில் அந்தப் பண்பை அணைத்தே வையுங்கள். பெயர், முகவரிக்கும் அப்படித்தான். ஆட்களின் பெயருக்கெல்லாம் கோடு விழுந்தால் கொஞ்ச நாளில் எந்தக் கோட்டையும் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

சேர்வரில் ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தும் மென்பொருள் போதும், இலவசம். தலைவலி தமிழ் விகுதிகளில்தான். ஹன்ஸ்பெல் பின்னொட்டை இரண்டு அடுக்கு வரைதான் உரிக்கும். ‘படகுகளிலிருந்தும்’ என்பதில் கள், இல், இருந்து, உம் என நான்கு. அதனால் விதிக்கோப்பில் ‘களிலிருந்தும்’ என்ற முழுத் தொடரையே ஒரு பின்னொட்டாக எழுத வேண்டும். யூனிகோடில் புள்ளி தனிக் குறி என்பது இங்கே வசதி. ‘கடன்’ என்பதில் புள்ளியை நீக்கி ஐகாரக் குறியைச் சேர்த்தால் ‘கடனை’. ‘கண்’ போன்றவை இரட்டிக்கும் என்பதால் அவற்றுக்கு வேறு கொடி, அதாவது எந்தச் சொல்லுக்கு எந்தப் பின்னொட்டு விதி என்று அகராதியில் காட்டும் குறி. மகர ஈற்றுச் சொற்களுக்கு ‘ம்’ போய் ‘த்தை’, ‘த்தில்’ வரும் இன்னொரு தொகுதி.

அடுத்தது சந்தி. ‘விண்ணப்பத்தைப் பெற்றோம்’ என்பதில் முதற்சொல் ‘ப்’ என முடிகிறது, அது அகராதியில் இராது. சொல் க், ச், த், ப் என முடிந்தால் அதை வெட்டிவிட்டுத் தேடுங்கள். அடுத்த சொல் அதே எழுத்து வரிசையில் தொடங்கவில்லையென்றால் மட்டும் கோடு போடுங்கள். சின்னச் சோதனைதான், ஆனால் பொய்க் கோடுகளை நிறையக் குறைக்கும். பரிந்துரைக்கு, மாறி விழும் எழுத்துகளைத் தொகுத்துச் சொல்லும் மேப் வரிகளில் லளழ, ரற, நனண என்று கொடுத்துவிட்டால் சரியான சொல் பட்டியலின் மேலே வரும்.

சொல்லைப் பிரிக்கும்போது கவனம். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான சொல் எல்லைக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகளை மட்டும் எடுத்தால் உயிர்க்குறியும் புள்ளியும் கழன்று ‘விண்ணப்பம்’ துண்டு துண்டாகும். குறிகளையும் சேர்த்தெடுங்கள், அல்லது பிரவுசரிலேயே உள்ள சொல் பிரிக்கும் கருவியான இன்டல் செக்மென்டரைப் பயன்படுத்துங்கள். ‘கொ’வின் குறி சில விசைப்பலகைகளில் ஒன்றாகவும் சிலவற்றில் இரண்டாகவும் பதிவாகும், திரையில் வித்தியாசம் தெரியாது. என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்க முறையில் ஒன்றாக்க வேண்டும், அதுவும் பிரவுசரிலேயே. சேர்வரில் செய்து இடத்தின் எண்ணைத் திருப்பி அனுப்பினால் கோடு ஓரெழுத்துத் தள்ளி விழும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்திருந்தால் என்எஃப்சி திருத்தாது. இரண்டு விதமாகப் பதிவாகும் ‘ஸ்ரீ’யும் அப்படியே. இவற்றுக்குத் தனி மாற்று அட்டவணை வேண்டும்.

யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதத்திலிருந்து ஒட்டினால் வருவது ஆங்கில எழுத்துதான். பாமினியில் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். சொல் நடுவே அரைப்புள்ளிகள் வந்தால் யூனிகோடுக்கு மாற்றட்டுமா என்று கேளுங்கள்.

அகராதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சொற்பட்டியலை அப்படியே போட்டால் உத்தியோகத்தர், கொம்பனி போன்றவை பிழையாகக் காட்டப்படலாம். மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், நிலாவெளி, சாம்பல்தீவு, சீனக்குடா போன்ற ஊர்கள், வள்ளம், கரைவலை முதலிய தொழிற்சொற்கள் எல்லாவற்றையும் உங்கள் தரவுத்தளத்திலிருந்தே எடுத்து, அதே விகுதிக் கொடிகளோடு ஏற்றுங்கள். கொடியை விட்டால் ‘மூதூர்’ சரி, ‘மூதூரில்’ பிழை என்று நிற்கும். ‘அகராதியில் சேர்’ பொத்தான் நேரே பொதுப் பட்டியலுக்குப் போகக்கூடாது. ஒருவர் அவசரத்தில் சேர்த்த பிழை எல்லோருக்கும் சரியாகிவிடும். ஒரு பொறுப்பாளர் பார்த்து அனுமதிக்கட்டும்.

கோடு போட, சாதாரணப் பல்வரிப் பெட்டிக்குள் ஒரு சொல்லை மட்டும் அலங்கரிக்க முடியாது. திருத்தக்கூடிய டிவ் (பக்கத்தின் ஒரு பகுதி) எடுத்து, பக்கத்தின் அமைப்பை மாற்றாமல் சொல்லுக்குக் கோடு போடும், குரோம் 105 முதல் உள்ள கஸ்டம் ஹைலைட் வசதியைப் பயன்படுத்துங்கள். சொல்லைச் சுற்றி ஸ்பான் குறிச்சொல்லைச் செருகினால் கர்சர் துள்ளும். எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது சோதிக்காமல், அது முடிந்து அரை விநாடி கழித்து, புதிய சொற்களை மட்டும் அனுப்புங்கள். பிழை இருந்தாலும் சேமிப்பதைத் தடுக்கவேண்டாம். கடிதத்தை அச்சிடும் இடத்தில் மட்டும், மிச்சமுள்ள சொற்களைக் காட்டி ஒருமுறை கேட்டால் போதும்.