அறுவை சிகிச்சையும் நுரையீரல் சுருக்கமும்: மயக்கவியல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்குக் குடல் அறுவை முடிந்த மறுநாள், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருப்பதாகச் சொன்னார்கள். வயிற்று அறுவைக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?

பதில்: கத்தி படுவதற்கு முன்பே அந்தச் சுருக்கம் தொடங்கிவிடுகிறது. மயக்க மருந்து ஏறியதும், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் தளர்ந்து மார்புக்குள் மேலேறுவதால், மல்லாந்து கிடப்பவரின் முதுகுப்பக்க நுரையீரல் நசுங்கி, அங்குள்ள காற்று நுண்ணறைகள் மூடிக்கொள்கின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கண்ட பெண்டிக்சன் என்ற மருத்துவரின் குழுவினர் 1963இல் இதை ஊகித்தார்கள். 1985இல் சுவீடன் ஆய்வாளர்கள் சிடி ஸ்கேனில் கண்ணாலேயே காட்டினார்கள்: மயக்கம் கொடுத்த ஐந்து நிமிடங்களுக்குள் முதுகை ஒட்டி, பிறைபோல் ஒரு வெண்பட்டை. பொது மயக்கம் பெறுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு இது நேர்கிறது. பெரும்பாலோருக்குத் தானாகவே விரிந்துவிடும். மேல்வயிற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும் உடற்பருமன் உள்ளவர்களுக்கும் நீடிக்கலாம். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் மூடியது திறக்காது. ஆகவே அம்மாவை வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். செவிலியரிடம் கேட்டு மருந்து வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: அறுவைக்குப்பின் மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்துக் கருவியை அப்பா மணிக்குப் பத்து முறை ஊதுகிறார். போதுமா?

பதில்: ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, காற்றை மெதுவாக உள்ளே இழுத்து, எழும்பிய பந்தைச் சில நொடிகள் மேலேயே நிறுத்த வேண்டும். ஊதினால், விரிய வேண்டிய நுரையீரலைக் காலி செய்கிறோம். கருவியைவிடக் கற்றுக்கொடுப்பது முக்கியம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 441 பேரில் ஒரு பகுதியினருக்கு, பிசியோதெரபிஸ்ட் முன்கூட்டியே அரைமணி நேரம் மூச்சுப் பயிற்சியை விளக்கினார். 2018இல் வெளியான அந்த ஆய்வில், நுரையீரல் சிக்கல்கள் 27 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தன.

கேள்வி: நான் செவிலியர். அறுவைக்கு மறுநாள் வரும் காய்ச்சலுக்கு நுரையீரல் சுருக்கமே காரணம் என்று படித்திருக்கிறோமே?

பதில்: நானும் அப்படித்தான் படித்தேன், அது தவறு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளியான தொகுப்பாய்வில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

கேள்வி: மன்னிக்க வேண்டும், டாக்டர். என் வார்டில் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

பதில்: இரண்டுமே அந்த நாட்களில் மிகச் சாதாரணம் என்பதால் சேர்ந்து தெரிகின்றன. இதய அறுவை செய்துகொண்ட 100 பேரை நாள்தோறும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த 1995ஆம் ஆண்டு ஆய்வில், சுருக்கம் 43 சதவீதத்திலிருந்து 79 ஆக ஏறியபோது காய்ச்சல் 37இலிருந்து 17 ஆக இறங்கியது. ஒன்றுக்கு மற்றது காரணமானால் இரண்டும் சேர்ந்தல்லவா ஏறியிருக்க வேண்டும்? முதல் நாள் காய்ச்சல் பெரும்பாலும் திசு காயப்பட்டதன் எதிர்வினை. பழியை நுரையீரல்மீது போட்டுவிட்டால், காய்ச்சல் நீடிக்கும்போது புண்ணையும் சிறுநீரையும் ஊசி போட்ட இடத்தையும் பார்க்கத் தவறிவிடுகிறோம். அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

கேள்வி: பந்துக் கருவியை ஊதினால் தலை சுற்றுகிறது.

பதில்: மேலே எழுதியதைத் தயவுசெய்து படியுங்கள். உறிஞ்ச வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் இடையே ஓய்வு வேண்டும்.

கேள்வி: வெண்டிலேட்டரில் அழுத்தத்தைக் கூட்டிவைத்தால் சுருக்கத்தைத் தடுக்கலாமே?

பதில்: 2014இல் வெளியான புரோவிலோ ஆய்வில், வயிற்று அறுவைக்கு வந்த 900 பேரிடம் மூச்சு விட்டபின் எஞ்சும் அழுத்தத்தை ஒரு பிரிவினருக்கு 12 சென்டிமீட்டர் நீர் அளவாகவும் மற்றவர்களுக்கு அதிகபட்சம் 2 ஆகவும் வைத்து ஒப்பிட்டார்கள். அறுவைக்குப் பிந்தைய நுரையீரல் சிக்கல்கள் முறையே 40, 39 சதவீதம், வித்தியாசமில்லை. அதிக அழுத்தம் பெற்றவர்களுக்கு இரத்த அழுத்தம்தான் கூடுதலாகச் சரிந்தது.

கேள்வி: எக்ஸ்-ரே தெளிவாக இருந்தால் சுருக்கம் இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. படுக்கையில் வைத்து எடுக்கும் எக்ஸ்-ரே சிறிய சுருக்கங்களைத் தவறவிடும். கைதேர்ந்தவர் அல்ட்ராசவுண்டை முதுகுப்பக்கமாக வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

கேள்வி: தம்பிக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து சுருங்கிவிட்டது. அவனும் பந்துக் கருவியை ஊதலாமா?

பதில்: அது வேறு நோய். சிகிச்சை அளிக்கும் நெஞ்சக மருத்துவரிடம் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.