நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பான்டோப்ரசோல் மாத்திரையைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது எப்படி? எப்போது நிறுத்தலாம்?

கேட்டவர் தந்த விவரம்: புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சலுக்காக பான்டோப்ரசோல் 40 மி.கி. ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எரிச்சல் நின்றது. ஆனால் அதே சீட்டைக் காட்டி வாங்கி மாதக்கணக்கில் தொடர்கிறார். விட்டால் சில நாட்களில் எரிச்சல் திரும்புகிறது. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறார்.

முதலில் நேரம். இந்த மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலர் தப்பான நேரத்தில் சாப்பிடுகிறவர்கள்தான். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. பான்டோப்ரசோல், ஓமெப்ரசோல், ரபெப்ரசோல், ஈசோமெப்ரசோல் எல்லாமே அந்தப் பம்பைப் பிடித்து முடக்கும் மருந்துகள். முடங்கிய பம்புக்குப் பதிலாகச் செல் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால்தான் அங்கே மறுபடி அமிலம் வரும். அதனால்தான் ஒரு வேளை மாத்திரையின் பலன் ஒரு நாள் நிற்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே இதனால் பிடிக்க முடியும். பம்புகள் பெருமளவில் ஓடத் தொடங்குவது சாப்பாடு உள்ளே போகும்போது. மருந்தோ ரத்தத்தில் தங்குவது கொஞ்ச நேரம்; ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் அளவு பாதியாகிவிடும்.

ஆகவே மருந்து ரத்தத்தில் ஏறியிருக்கும் நேரமும் நீங்கள் சாப்பிடும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்குங்கள். அதற்குப் பிறகு கட்டாயம் சாப்பிடுங்கள். காலையில் மாத்திரை போட்டுவிட்டு வெறும் டீயோடு பதினொரு மணி வரை இருப்பவருக்குப் பாதிப் பலன்கூடக் கிடைக்காமல் போகலாம். தொல்லை முழுக்க இரவில்தான் என்றால், டாக்டரிடம் கேட்டு இரவு உணவுக்கு அரை மணி முன்னால் மாற்றிக்கொள்ளலாம். படுக்கப் போகும்போது போடுவதில் பெரிய பயன் இல்லை.

மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மேலே வழவழவென்று இருக்கும் பூச்சு அழகுக்காகப் பூசியதில்லை. இந்த மருந்து இரைப்பை அமிலத்தில் பட்டால் கெட்டுவிடும். பூச்சுதான் அதைச் சிறுகுடல் வரை பத்திரமாகக் கொண்டு சேர்க்கிறது. முழு மாத்திரை விழுங்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், உள்ளே குருணை குருணையாக இருக்கும் ஓமெப்ரசோல் கேப்சூலாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கேப்சூலைத் திறந்து, குருணைகளை ஒரு கரண்டி ஆப்பிள் கூழிலோ கொஞ்சம் ஆரஞ்சுச் சாற்றிலோ கலந்து உடனே விழுங்கிவிடலாம். கடிக்கக் கூடாது. பாலில் கலக்கவே கூடாது. குருணையின் பூச்சு அமிலத்தில் கரையாது, அமிலம் குறைந்த இடத்தில் கரையும். பாலில் போட்டால் டம்ளரிலேயே கரைந்துவிடும்.

இது எரியும்போது போட்டு அடுத்த பத்து நிமிடத்தில் நிம்மதி தரும் மருந்து இல்லை. முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஏனென்றால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பம்புகள் முடங்கும். உடனடி நிம்மதிக்கு வெள்ளையாக இருக்கும் ஆன்டாசிட் சிரப் இருக்கிறது. ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் அடுத்த சாப்பாட்டுக்கு முன் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். வயிற்று உப்புசத்துக்கும் காற்று பிரிவதற்கும் இந்த மாத்திரை மருந்தே இல்லை. அமிலம் குறைந்தாலும் காற்று குறையாது.

அடுத்தது, அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சீட்டில் இருப்பது வெறும் பான்டோப்ரசோலா, அல்லது பெயருக்குப் பின்னால் 'டி' அல்லது 'எல்' ஒட்டியிருக்கிறதா? இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நம் ஊரில் பலர் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவது இந்தக் கூட்டு மருந்துகளைத்தான். 'டி' என்றால் டோம்பெரிடோன் சேர்ந்தது, பெரும்பாலும் 30 மி.கி., மெதுவாக வெளிவரும் வகை. வாந்தி, குமட்டலுக்கான மருந்து அது. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கும் அபாயம் இருப்பதால், டோம்பெரிடோனைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் தர வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் கட்டுப்படுத்தியது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள், பூஞ்சை மருந்தான ஃபுளூகோனசோல் போன்றவற்றோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். 'எல்' அல்லது 'எல்எஸ்' என்றால் அநேகமாக லெவோசல்பிரைடு, இரைப்பையை வேகமாகக் காலிசெய்ய வைக்கும் மருந்து. வயதானவர்களுக்குக் கை நடுக்கம், உடல் விறைப்பு, நடை தளர்வு என்று பார்க்கின்சன் நோய் போலவே காட்டிவிடும். காரணம் மாத்திரை என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இரண்டுமே பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது, மார்பில் பால் சுரப்பது போன்றவற்றைக் கொண்டுவரலாம். குமட்டல் இல்லாதவருக்கு 'டி' எதற்கு என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இப்போது உங்கள் தைராய்டு மாத்திரை. தைராக்சின் உடலில் சேர இரைப்பை அமிலம் தேவை. அமிலம் குறைந்தால் அது முழுதாகச் சேராது, தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். அளவு ஏறும். இரண்டுக்கும் இடையே இடைவெளி விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அமிலக் குறைவு நாள் முழுக்க இருப்பதால் இடைவெளி மட்டும் இதைச் சரிசெய்யாது. வழக்கம்போல எழுந்ததும் தைராய்டு மாத்திரை, அரை மணி கழித்து பான்டோப்ரசோல், இன்னொரு அரை மணி கழித்து காலை உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, பான்டோப்ரசோல் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுத்திய பிறகும் அதே இடைவெளியில் ஒரு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் அப்போது அதே அளவு தைராக்சின் கூடுதலாகிவிடலாம்.

மற்ற மருந்துகளில், இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் ஓமெப்ரசோலையும் ஈசோமெப்ரசோலையும் தவிர்க்க வேண்டும். குளோபிடோக்ரலைக் கல்லீரலில் செயல்படவைக்கும் நொதியை அவை தடுக்கின்றன. பான்டோப்ரசோலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையும், சுண்ணாம்பு வகைக் கால்சியமான கால்சியம் கார்பனேட்டும் அமிலம் இல்லாமல் சரியாகச் சேராது. கால்சியம் சிட்ரேட்டாக மாற்றலாம். எச்.ஐ.வி.க்கான அட்டாசனாவிர், ரில்பிவிரின், பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் கேப்சூல், மெத்தோட்ரெக்சேட், வார்ஃபரின் இவற்றில் எது இருந்தாலும் மாத்திரை வாங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீண்ட நாள் சாப்பிட்டால் என்ன ஆகும்? இணையத்தில் சிறுநீரகம் போய்விடும், எலும்பு உருகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு, தண்ணீர் மாதிரி ஆபத்தே இல்லாதது என்கிறவர்களும் உண்டு. நோயாளிகளின் பழைய பதிவுகளைப் பார்த்துச் செய்த ஆய்வுகளில் எலும்பு முறிவு, சிறுநீரகக் கோளாறு, நிமோனியா என்று பல தொடர்புகள் வந்தன. ஆனால் ஏற்கெனவே நோய் அதிகம் உள்ளவர்களுக்கே இந்த மாத்திரையும் அதிகம் எழுதப்படுகிறது என்பதால் அவற்றை அப்படியே நம்ப முடியாது. 2019-ல் வெளியான காம்பஸ் என்ற பெரிய சோதனையில் 17,598 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு பான்டோப்ரசோல் 40 மி.கி., மறு பகுதியினருக்கு மருந்தில்லாத மாத்திரை என ஏறக்குறைய மூன்று ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டுமே: 1.0 சதவீதம் 1.4 சதவீதம் ஆனது. அமிலம் கிருமியைக் கொல்லும் முதல் காவல். அது குறைந்தால் சுத்தமில்லாத தண்ணீரும் வெளிச்சாப்பாடும் கூடுதல் தொல்லை தரும். பயணத்தில் கொதித்து ஆறிய நீரே நல்லது.

நடைமுறையில் நான் கவலைப்படும் விஷயங்கள் மூன்று. இரண்டு ஆண்டுக்கு மேல் சாப்பிட்டால் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர், அதோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார் என்றால் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை பி12 பார்ப்பது நல்லது. இரண்டாவது மெக்னீசியம். பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்களுக்கு, மெக்னீசியம் இறங்கி தசைப்பிடிப்பு, நடுக்கம், படபடப்பு வரும். மூன்றாவது, அரிதாக, சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி. சிறுநீர் குறைவது, காய்ச்சல், தோல் தடிப்பு, காரணமில்லாத களைப்பு சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே டாக்டரிடம் போய், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பாருங்கள்.

எத்தனை நாள் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. சாதாரண எதுக்களிப்புக்கு நான்கு முதல் எட்டு வாரம். இரைப்பைப் புண்ணுக்கும் ஏறக்குறைய அதே அளவு. இரைப்பையில் புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமிக்கு ஆன்டிபயாடிக்குகளோடு, பொதுவாக 14 நாள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சில பேர் நிறுத்தவே கூடாது: உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள், பாரெட் மாற்றம் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்சவ்வு மாறிப்போவது) என்று என்டோஸ்கோப்பியில் எழுதப்பட்டவர்கள், புண்ணிலிருந்து ரத்தம் கசிந்த வரலாறு உள்ளவர்கள், ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறவர்கள், மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் வகை மாத்திரையை விடமுடியாத முதியவர்கள். இவர்களுக்கு மாத்திரையை விடுவதுதான் ஆபத்து. மறுபக்கம், பாராசிட்டமாலுக்கோ ஐந்து நாள் ஆன்டிபயாடிக்குக்கோ துணையாக இதைச் சேர்த்து விழுங்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: விட்டால் ஏன் எரிச்சல் திரும்புகிறது? நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். அமிலம் குறைந்ததும் உடல் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, அமிலம் சுரக்கும் ஏற்பாட்டைப் பெருக்கி வைக்கிறது. மாத்திரை திடீரென நின்றதும் அத்தனையும் ஒன்றாக வேலைக்கு இறங்குகிறது. 2009-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், எந்த வயிற்றுத் தொல்லையும் இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் ஈசோமெப்ரசோல் 40 மி.கி. கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நான்கு வாரத்தில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், புளித்த ஏப்பம் வந்தது. மருந்தே எடுக்காதவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். மாத்திரையே வரவழைத்த எரிச்சல் அது. சில வாரங்களில் தானே அடங்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் இழுக்கும்.

மேலே சொன்ன 'நிறுத்தக் கூடாதவர்' பட்டியலில் நீங்கள் இல்லை என்று டாக்டர் உறுதி செய்த பிறகு, இப்படி இறங்கலாம். 40 மி.கி.யிலிருந்து 20 மி.கி. மாத்திரைக்கு மாறி இரண்டு முதல் நான்கு வாரம். 40-ஐ உடைத்துப் பாதியாக்கக் கூடாது, 20 தனியாகவே கிடைக்கிறது. பிறகு இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு நிறுத்தம். இடையில் எரிந்தால் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் 10 மி.லி. ஆன்டாசிட் அல்லது ஆல்ஜினேட் சிரப். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. அதிலும் அடங்காவிட்டால் இரவில், அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மருந்தான ஃபமோடிடின் 20 மி.கி. பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கத்தின் 2022 வழிகாட்டல் ஒரேயடியாக நிறுத்துவதையும் ஏற்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒரு முறை நிறுத்தித் தோற்றவருக்குப் படிப்படியாக இறங்குவதே தாங்கக்கூடியது என்பது என் கருத்து.

இந்த வாரங்களில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி, இடப்பக்கம் சாய்ந்து படுப்பது, தொப்பை இருந்தால் எடை குறைப்பது. இந்த நான்கும் செய்தவர்கள் மாத்திரையிலிருந்து வெளியே வருவது எளிதாக இருக்கும்.

விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், ரத்த சோகை, நிற்காத வாந்தி இருந்தால் மாத்திரையை நீட்டிக்கொண்டு போகாமல் என்டோஸ்கோப்பிக்குப் போங்கள். 55 வயதுக்கு மேல் முதல் முறையாக இந்தத் தொல்லை வந்தாலும் அப்படித்தான். நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வை, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறல் வந்தால் அதை 'கேஸ்' என்று நினைத்து இந்த மாத்திரையைப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து உடனே ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள்.

எச். பைலோரிக்கு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ எழுதியிருந்தால், இரண்டு வாரம் முன்பே பான்டோப்ரசோலை நிறுத்த வேண்டும், ஆன்டிபயாடிக் என்றால் நான்கு வாரம். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும். என்டோஸ்கோப்பிக்கு நாள் குறிக்கும்போதும் நீங்கள் இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். நிறுத்துவதா வேண்டாமா, எத்தனை நாள் முன்பு என்பதை அவர்கள் சொல்வார்கள்.