மாத்திரையை நிறுத்த நாள் குறித்துவிட்டேன், சரியா?

கேள்வி: எனக்கு வயது 44. தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் வசூல் மேற்பார்வையாளர். மூன்று வருடமாகச் சுகர். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, காலையில் கூடவே கிளிமிபிரைட் 1. நடந்து, சோற்றைக் குறைத்து 8 கிலோ இளைத்திருக்கிறேன். மூன்று மாதச் சராசரி (HbA1c சோதனை) 6.3 சதவீதம். ஆனால் வேலை டென்ஷனில் மதியம் ஒரு மணிக்கு மேல் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. டீயும் வடையும் உள்ளே போனால்தான் அடங்குகிறது. மாதக் கடைசியில் வெறும் வயிற்றிலேயே 150 காட்டுகிறது. சித்திரைத் திருவிழா கொடியேற்றத்தோடு மாத்திரையை நிறுத்திவிட்டு, நண்பர் தரும் மூலிகைப் பொடிக்கு மாறலாமா?
- வாசகர், மதுரை

பதில்: தம்பி, 8 கிலோ இளைத்தது சாதாரண காரியம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் தெருவெல்லாம் சால்னா வாசம் வீசும் ஊரில் இருந்துகொண்டு சாதித்திருக்கிறீர்கள். மாத்திரையைக் குறைக்கும் காலம் உங்களுக்கு வந்திருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கொடியேற்றம் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். டென்ஷன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நடுக்கம்தான் என்னை உறுத்துகிறது.

சாப்பிட்டதும் அடங்கும் நடுக்கம் என்றால் முதலில் லோ சுகரைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று கிளிமிபிரைட் பார்க்காது, கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். அந்த அளவு, நீங்கள் 8 கிலோ கூடுதலாக இருந்தபோது எழுதிக் கொடுத்தது. இப்போது உடம்பு இளைத்துவிட்டது, சோறு குறைந்துவிட்டது, வசூல் அலைச்சலில் மதியச் சாப்பாடும் தள்ளிப் போகிறது. அடுத்த முறை கை நடுங்கும்போது, வடையைத் தொடுவதற்கு முன் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். வடையில் எண்ணெய் இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், அவசரத்துக்கு அது உதவாது. மீட்டர் கையில் இல்லையா? சோதிக்கக் காத்திராமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். கோரிப்பாளையம் நெரிசலில் பைக்கில் போகும்போது வந்தால் தயவுசெய்து வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். 70-க்குக் கீழே ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் முதலில் குறைப்பதோ நிறுத்துவதோ கிளிமிபிரைடைத்தான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் சுகர் அளவுக்கு மீறி இறங்குவது அபூர்வம், அதனால் அதைக் கடைசிவரை வைத்திருந்து பிறகு யோசிப்பார்கள். எது, எந்த அளவு, எப்போது என்பதை உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

6.3-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இரண்டு மாத்திரைகளின் துணையோடு வந்த எண். எல்லா மாத்திரையும் நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் 6.5-க்குக் கீழே இருந்தால்தான் சுகர் அடங்கியிருக்கிறது என்று கணக்கு. 2021-ல் நிபுணர்கள் கூடி வகுத்த வரையறை இது. முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமலே சுகர் அடங்கியது. சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள் அவர்கள். உங்களுக்கும் மூன்று வருடம்தான். அவர்களும் மாத்திரையைக் கண்காணிப்போடுதான் நிறுத்தினார்கள்.

மாதக் கடைசியில் ஏறும் 150-க்கு டென்ஷனும் நிஜமான காரணம்தான். மனசு இறுகினால் அட்ரினலினும் கார்டிசாலும் ஏறும், ஈரல் தன் இருப்பில் உள்ள சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். ஆனால் அந்த நாட்களில் சாப்பாடு எத்தனை மணிக்கு, தூக்கம் எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பாருங்கள். டார்கெட் முடித்துப் பத்தரைக்கு இரண்டு புரோட்டா, ஒரு மணிக்குப் படுக்கை, ஆறு மணிக்கு எழுந்து சோதனை என்றால் 150 வராமல் என்ன செய்யும்? அந்த நாலைந்து நாளாவது இரவுச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கொண்டுபோய் ஏழரைக்குள் ஆபீஸிலேயே முடித்துவிடுங்கள். சுண்டலோ முட்டையோ கூட இருக்கட்டும். சாப்பிட்டதும் ஒரு பத்து நிமிடம் நடங்கள், தெருமுனை வரை போய் வந்தாலும் போதும். மதியத்துக்கும் அலாரம் வையுங்கள். மாத்திரையைக் குறைக்கத் தொடங்குவதையும் மாதக் கடைசியில் வைக்காதீர்கள். நடுக்கத்துக்கு வழி செய்வது மட்டும் எந்தத் தேதிக்காகவும் காத்திருக்கக் கூடாது.

பொடி வேண்டவே வேண்டாம். சில பொடிகளில் ஆங்கில மருந்தே கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. கிளிமிபிரைடோடு அதுவும் சேர்ந்தால் சுகர் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மாத்திரை நின்ற பிறகும் மூன்று மாதச் சராசரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். கண், சிறுநீரகம், பாதம் மூன்றையும் வருடம் ஒரு தடவை காட்டுங்கள். மறுபடி ஏறினால் மாத்திரையைத் தொடங்க வெட்கப்பட வேண்டியதில்லை. லோ சுகர் வந்தால் எப்படித் தெரியும் என்பதை இன்றைக்கே மனைவியிடமும், பக்கத்து சீட்டில் இருப்பவரிடமும் சொல்லி வையுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.