பழைய வீட்டைப் பசுமையாக்க வைப்புத்தொகையை உடைக்கலாமா?

கேள்வி: பெற்றோர் வழியாக வந்த 70 ஆண்டுப் பழைய வீட்டில் குடியிருக்கிறோம். சுண்ணாம்புக் காரைச் சுவர்கள், மரச் சட்ட ஜன்னல்கள். மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்படி விடுமுறை நாள்களில் நானே வேலை செய்து வீட்டை மாற்ற விரும்புகிறேன். ஜன்னல்கள் அனைத்தையும் புதிதாக்கி, கூரையில் சூரிய மின் தகடுகளும் அமைக்க எண்ணம். 7 மாதத்தில் முதிரவுள்ள வைப்புத்தொகையை இப்போதே உடைப்பதா, தனிநபர் கடன் வாங்குவதா? மிச்சமாகும் கட்டணமே தவணையைக் கட்டிவிடும் என்கிறார்கள்.

பதில்: கட்டிவிடுமா என்பதை முதலில் ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடுவோம். ஒரு வேலைக்கு 100 செலவாகிறது, அதனால் ஆண்டுக்கு 8 மிச்சமாகிறது, கடன் வட்டியோ 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மிச்சப்படும் தொகை முதலாண்டு வட்டிக்கே போதாது. அசல் அப்படியே நிற்கும். அதே 100 செலவில் ஆண்டுக்கு 25 மிச்சமாகும் வேலை என்றால் போட்ட பணம் நான்கே ஆண்டில் திரும்பிவிடும். உங்கள் பட்டியலில் இந்த இரண்டு வகை வேலைகளும் கலந்து கிடக்கின்றன. ஆகவே ‘பசுமை வீடு’ என்று மொத்தமாக ஒரு தொகையைப் போடாமல், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே செலவையும் மிச்சத்தையும் எழுதிப் பார்ப்பதே சரியான தொடக்கம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், தண்ணீர் மீட்டரிலிருந்து என்பேன். இரவு படுக்கப்போகும் முன் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியும்வரை யாரும் குழாயைத் திறக்காமலிருந்தும் காலையில் எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாயில், துளி கால் மில்லிலிட்டர் என்று கொண்டாலும் நாளுக்கு 21 லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 7,900 லிட்டர் வீணாகிறது. அது வெந்நீர்க் குழாயாக இருந்துவிட்டால், அவ்வளவு நீரை 25 டிகிரி சூடேற்றிய மின்சாரமும், அதாவது சுமார் 230 யூனிட்டும், சேர்ந்தே சாக்கடைக்குப் போகிறது. அதை நிறுத்தத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு வாசரும் அரை மணி நேரமும்தான். எந்த வைப்புத்தொகையும் இதற்கு இணையான வருமானம் தராது. வைப்பு வட்டிக்குப் பெரும்பாலான இடங்களில் வரி உண்டு, கட்டாமல் மிஞ்சிய கட்டணத்துக்கு இல்லை.

ஜன்னல்கள் விஷயத்தில் உங்கள் திட்டத்தோடு நான் உடன்படவில்லை. முழு ஜன்னலையும் மாற்றுவது, போட்ட பணம் மிக மெதுவாகத் திரும்பும் வேலைகளில் ஒன்று. காற்று வீசும் நாளில் ஊதுபத்தியைக் கொளுத்திச் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். புகை நேராக எழாமல் உள்ளே வளையும் இடங்களில் ரப்பர்ப் பட்டை ஒட்டி, கண்ணாடியைச் சுற்றி உதிர்ந்துபோன மக்கை (புட்டியை) புதிதாகப் பூசினாலே தொல்லையின் பெரும்பகுதி தீரும். சுற்றுச்சூழல் நோக்கில் பார்த்தாலும், 70 ஆண்டு உழைத்த, இன்னும் உளுக்காத மரத்தை எறிந்துவிட்டுப் புதிய அலுமினியத்தை வாங்குவது, அதை உருக்கிச் செய்யச் செலவான ஆற்றலையும் உங்கள் கணக்கில் ஏற்றிவிடும்.

சொந்தக் கை உழைப்பு இலவசம் என்று பட்டியலில் சுழியம் போட்டிருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன். என் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் ஈரம் தெரிந்த பகுதியைச் சுரண்டி, நானே சிமெண்ட் பூசினேன். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும், சிமெண்ட் அதற்கு வழிவிடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடைபட்ட ஈரம் மேலேறிப் பக்கத்துச் சுவரையும் உப்பவைத்தது. பூசியதைப் பெயர்த்து மீண்டும் சுண்ணாம்புச் சாந்து பூச ஆள் வைத்தபோது, முதலிலேயே ஆள் வைத்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைப் போல இரு மடங்கு செலவாயிற்று. எனவே நீங்களே செய்யும் வேலைக்கும் கருவிகளின் விலை, உங்கள் நேரம், பிழைக்கான ஒதுக்கீடு மூன்றையும் சேர்த்தே கணக்கு எழுதுங்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடிய கூரைத் தகட்டைத் துளையிடுவது, ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய பெயிண்டைத் தேய்ப்பது, சுமைதாங்கும் சுவரை உடைப்பது, வயரிங்கை மாற்றுவது ஆகியவற்றில் எக்காரணம் கொண்டும் நீங்களே கைவைக்க வேண்டாம். உடல்நலக் கேடு ஒருபுறமிருக்க, தகுதியற்றவர் செய்த வயரிங்கால் தீ நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும்.

சூரிய மின் தகடு நல்ல முதலீடுதான், ஆனால் அது வரிசையில் கடைசியாக வர வேண்டும். இன்றைய மின்செலவை வைத்துத் தகடுகளின் கொள்ளளவைத் தீர்மானித்தால், பழைய குளிர்பதனப் பெட்டியையும் விளக்குகளையும் மாற்றிய பிறகு தேவைக்கு மிஞ்சிய தகடுகளுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். மிஞ்சும் மின்சாரத்துக்குப் பல இடங்களில் நீங்கள் கட்டும் விலையைவிடக் குறைவாகவே தருகிறார்கள். 25 ஆண்டு உழைக்கும் தகட்டை விரிசல் விட்ட கூரைமேல் பொருத்தினால் கூரையைச் சரிசெய்ய அத்தனையையும் கழற்றி மாட்ட வேண்டிவரும். இடையில், தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கேற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரை ஒருமுறையேனும் மாற்ற நேரும் என்பதால் அந்தச் செலவையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே, வைப்புத்தொகையை உடைக்க வேண்டாம், கடனும் வேண்டாம். கசிவு, ஜன்னல் இடுக்குகள், விளக்குகள், வெந்நீர்த் தொட்டிக்கு உறை ஆகிய வேலைகள் உங்கள் விடுமுறை நாள்களுக்கே 7 மாதம் பிடிக்கும். அவற்றின் செலவை மாத வருமானத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வைப்பு முதிரும்போது ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகையை அவசர நிதியாக ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் முதலில் கூரையைச் செப்பனிடுங்கள். குறைந்துபோன மின்கட்டணச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதன்பின் தகடு விற்பவரிடம் பேசுங்கள்.