போருட்டோவுக்கு ஒரு வரவு

அன்புள்ள அண்ணா,

உப்புவெளியில் எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பெடியளுக்கு அனிமே, அதாவது யப்பானியக் கார்ட்டூன் தொடர்கள், போடுகிறோம். பன்னிரண்டு வயதுக்காரர் தொடக்கம் ஓ.எல். எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறவர்கள் வரை இருபது பேரளவில் வருவார்கள். எல்லோரும் நருட்டோவை முழுதாகப் பார்த்தவர்கள். அதனால் நருட்டோவின் மகனை நாயகனாக்கிய போருட்டோவை முதல் எபிசோடிலிருந்து, கிழமைக்கு இரண்டாகப் போட்டோம். ஆறாம் கிழமை ஏழு பேர்தான் மிச்சம். போனவர்களைக் கேட்டால் "அப்பன்ர பேரில பிழைக்கிற பெடியன்" என்கிறார்கள். நருட்டோவைத் தமிழ் டப்பில் பார்த்த சிலருக்கு யப்பானியக் குரல் ஒட்டவில்லை. பாத்திரங்கள் மாறினால் ரசிகர்கள் எப்போதும் இப்படித்தானா? இது பழையதின் மேலுள்ள பாசம் மட்டுமா? தொடர்ந்து போடுவதா, விடுவதா?

உங்கள் வாசகன்,
உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போடுவதை இந்தக் கிழமையோடு நிற்பாட்டுங்கள். பன்னிரண்டு எபிசோட் பார்த்தும் உங்கள் பெடியள் இன்னும் நிஞ்சா பள்ளிக்கூடத்துக்குள்தான் நிற்கிறார்கள். எழும்பிப் போனதில் பிழை இல்லை.

பாசம் மட்டும் என்று சொல்லித் தட்டிக் கழிக்க நான் தயாரில்லை. ஜோஜோவைப் பாருங்கள். 2012இல் வந்த அனிமேயில் முதல் நாயகன் ஜொனதன் ஒன்பது எபிசோடில் செத்துவிடுகிறான். பத்தாவதில் அவனுடைய பேரன் ஜோசப் வருகிறான். பாட்டன் கண்ணியவான், பேரன் ஏமாற்றுப் பேர்வழி. ஒருவரும் எழும்பிப் போகவில்லை. ஒன்பது எபிசோடில் பார்ப்பவனுக்குச் சேர்ந்த கடன் கொஞ்சம்தான், பழைய நாயகனும் வடிவாக விடைபெற்றுவிட்டான். நருட்டோவில் 220, அதன் தொடர்ச்சியான ஷிப்புடெனில் 500, மொத்தம் 720 எபிசோட். முதல் எபிசோடிலேயே, மற்றப் பிள்ளைகளைத் தாய் தகப்பன் வந்து தட்டிக்கொடுக்க, தனியாக ஊஞ்சலில் இருந்த பெடியனோடு தொடங்கிய 720. அதற்குப் பிறகு வருகிற மகனுடைய முறைப்பாடு "அப்பாவுக்கு எனக்கு நேரமில்லை" என்பது. அப்பனே இல்லாமல் வளர்ந்தவனைப் பார்த்து வந்தவர்களுக்கு இது செல்லக் குழப்படியாகத்தான் படும்.

உங்கள் பக்கத்துக் கூத்தை வைத்துச் சொன்னால் சுகமாக விளங்கும். கூத்தில் கட்டியகாரனுக்கு ஒரு வரவு (மேடைக்கு வரும் பாட்டும் ஆட்டமும்), அரசனுக்கு ஒரு வரவு, மகனுக்கும் தனியாக ஒரு வரவு இருக்கும். அவனவனுக்கு அவனவன் தாளம், அவனவன் ஆட்டம். மகனைத் தகப்பனுடைய வரவுப் பாட்டுக்கு ஆடவிட்டால் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குத்தான் ஏச்சு விழும். போருட்டோவில் நடந்தது அதுதான். தொடரின் முழுப் பெயரே 'போருட்டோ: நருட்டோ நெக்ஸ்ட் ஜெனரேஷன்ஸ்'. பெயரிலேயே தகப்பன் நிற்கிறான். உங்கள் பெடியள் சொன்னது ஏச்சாக இருக்கலாம், ஆனால் சரியான விமர்சனம்.

அடுத்தது கணக்கு. போருட்டோ மங்கா, அதாவது அனிமேக்கு மூலமான யப்பானியப் படக்கதை, 2016 மே மாதம் தொடங்கியது. மாதத்துக்கு ஒரு அத்தியாயம், வருடத்துக்குப் பன்னிரண்டு. அனிமே 2017 ஏப்ரலில் தொடங்கியது. அது கிழமைக்கு ஒன்று, வருடத்துக்கு ஐம்பதளவில். எடுத்துச் செய்யக் கதை இல்லாத இடத்தில் பள்ளிக்கூடம், சுற்றுலா, பரீட்சை என்று அனிமேக்காரரே எழுதி நிரப்பினார்கள். 2023 மார்ச்சில் 293இல் அனிமே நின்றது. அடுத்த மாதம் மங்காவின் முதற்பாகம் 80ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. இன்னொரு கோளாறும் உண்டு. சூனின் பரீட்சை (நிஞ்சாக்களின் தரமுயர்வுப் பரீட்சை), மொமோஷிகி என்ற வில்லனோடு சண்டை என்ற அதே கதை 2015இல் படமாக வந்தது, பிறகு மங்காவின் தொடக்கமாக வந்தது, பிறகு 2018இல் டி.வி. தொடரிலும் வந்தது. மூன்றாம் தரமும் ஆறின சோறு என்று சலித்தவர்களைப் பழமைவாதி என்று சொல்லக் கூடாது.

பழைய நாயகனை எங்கே வைப்பது என்பதுதான் இப்படியான தொடர்களில் எல்லோரும் வழுக்குகிற இடம். 2000இல் வந்த டிஜிமொன் அட்வென்ச்சர் 02 ஒரு வழி கண்டுபிடித்தது. கறுப்புக் கோபுரங்கள் நிற்கும் இடத்தில் பழைய பிள்ளைகளோடு திரியும் டிஜிமொன் என்ற விலங்குகளால் வழக்கம்போலப் பரிணமிக்க முடியாது, புதியவர்களுக்கு வேறொரு பரிணாமம் கிடைக்கிறது. பழைய நாயகன் தாய்ச்சி தன் தலைக் கண்ணாடியை புதிய நாயகன் தாய்சுகேயிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறான். செயற்கையான வழிதான், ஆனால் நேர்மையானது. 'கண்டம் சீட் டெஸ்டினி' என்ற ரோபோத் தொடரில் (2004) இது தலைகீழாகப் போனது. ஷின் நாயகனாகத் தொடங்கினான், பழைய நாயகன் கிரா திரும்பி வந்து கதையை வாங்கிக்கொண்டான், ஷின் ஓரத்துக்குப் போனான். போருட்டோவில் நருட்டோ செத்துப்போகவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. ஹொக்காகேயாக, அதாவது ஊர்த் தலைவனாக, உலகத்திலேயே பலமானவர்களில் ஒருவனாக, மேசைக்குப் பின்னால் இருக்கிறான். ஒவ்வொரு வில்லன் வரும்போதும் மகனுக்கு இடம் கொடுக்க அவனை ஒருதரம் விழுத்த வேண்டும். ரசிகர்களின் கோபத்தில் பாதி போருட்டோ மேல் அல்ல, தகப்பனை இப்படி விழுத்துவதன் மேல்.

ஆனால் இந்தத் தொடரில் சரியாக விழுந்த இரண்டு இடங்கள் உண்டு. பெடியளுக்குக் காட்ட வேண்டியது அவற்றைத்தான்.

ஒன்று 53ஆம் எபிசோட், போருட்டோவின் தங்கை ஹிமாவரியின் பிறந்தநாள். அப்பா கேக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பார்த்தால் அவர் நிழற்பிரதி, வித்தையால் உண்டாக்கிய நகல். அலுவலகத்தில் இருக்கும் உண்மை ஆளுக்குக் களைப்பு. பிரதி புகையாய் மறைய, கேக் நிலத்தில் விழுகிறது. முன்னே ஆயிரம் பிரதிகளாகி எதிரியை வென்ற அதே வித்தை, இங்கே ஒரு பிள்ளையின் பிறந்தநாளைக் கெடுக்கிறது. போருட்டோவின் முறைப்பாடு முதல்தரம் எடுபடுவது இங்கேதான்.

மற்றது கவாக்கி, நருட்டோ தன் வீட்டில் சேர்த்துக்கொண்ட பெடியன். வந்த கையோடு ஹிமாவரியின் பூச்சாடியை உடைத்துவிடுகிறான். நருட்டோ அவனைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் புதிதாய் ஒன்று வாங்குகிறான். பிறகு கவாக்கி உடைந்த துண்டுகளையும் பொறுக்கி ஒட்டிப் பார்க்கிறான். கத்தல் இல்லை, சண்டை இல்லை, ஒரு சாடிதான். 720 எபிசோட் பாரம் இல்லாமல் வந்த புதியவன் அதை வைத்தே உள்ளே வந்துவிட்டான். அவனுக்கு வரவு கிடைத்தது.

ஆகவே அடுத்த கிழமையிலிருந்து இப்படிப் போடுங்கள். 1ஐ மறுபடியும் போடுங்கள், அதன் தொடக்கத்தில் இடிந்த ஊருக்கு மேலே போருட்டோவும் கவாக்கியும் எதிரெதிரே நிற்கும் காட்சிக்காக மட்டும். பிறகு 19 தொடக்கம் 23 வரை, நருட்டோவின் தோழன் சசுகேயின் மகள் சாரதா தகப்பனைத் தேடும் பகுதி. பிறகு 53 தொடக்கம் 65 வரை. கடைசியாக 188 தொடக்கம் 218 வரை. மொத்தம் ஐம்பது. தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் ஒன்றரை ஒன்றரை நிமிடம். முதல்தரம் போட்டுக் காட்டிவிட்டுப் பிறகு தாண்டினால் எபிசோட் ஒன்று இருபது நிமிடம் சொச்சம். கிழமைக்கு மூன்று போட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல், பதினெட்டுக் கிழமையில் முடியும். 65ஐ மட்டும் தனியாகப் போடுங்கள், நருட்டோவும் சசுகேயும் மொமோஷிகியோடு மோதும் எபிசோட் அது. அதற்குப் பின்னால் வேறு எதைப் போட்டாலும் சப்பென்று இருக்கும்.

குரல் விசயம் நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். யப்பானிய மொழியில் நருட்டோவின் குரல் மாறவேயில்லை, தொடக்கத்திலிருந்து தகப்பனாகும் வரை தகேயுச்சி ஜுங்கோ என்ற ஒரே அம்மாதான். போருட்டோவுக்குச் சன்பேய் யூகோ. உங்கள் பெடியளுக்கு மாறியது மொழிதான். அதனால் பழைய நருட்டோவின் முதல் எபிசோடையும், பெடியளுக்குப் பிடித்த இன்னொன்றையும் யப்பானிய மொழியில் ஒருதரம் போட்டுவிட்டுப் பிறகு இதற்குள் போங்கள். காது ஒரு குரலைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பின்னால் வரும். 2015இல் டிஜிமொன் ட்ரையில் பிள்ளைகளின் குரல்களை மாற்றியபோதும் டிஜிமொன்களின் பழைய குரல்களை அப்படியே வைத்திருந்தார்கள். சப்டைட்டிலை ஒருவர் சத்தமாகத் தமிழில் வாசிக்கிற வேலை மட்டும் வேண்டாம். வாசிக்கிறவரின் குரலே எல்லாப் பாத்திரத்துக்கும் குரலாகிவிடும். சின்னவர்களுக்கு முன்கூட்டியே இரண்டு நிமிடம் கதையைச் சொல்லிவிட்டால் போதும்.

போனவர்களையும் கூப்பிடுங்கள். முடிந்ததும் "நல்லாயில்லை" என்று சொல்ல விட வேண்டாம். எந்த எபிசோட், எந்த நிமிடம், என்ன நடந்தது என்று ஒரு துண்டில் எழுதச் சொல்லுங்கள். முகம் பிடிக்கவில்லையா, எழுத்து பிடிக்கவில்லையா, படம் கீறினது பிடிக்கவில்லையா என்று அப்போது பிரிந்துவிடும். அநேகமானவை எழுத்துப் பக்கம் விழும் என்பது என் ஊகம்.

ஒன்றை முதலே சொல்லி வையுங்கள்: 293 கதையின் முடிவு இல்லை, நடுவில் நின்றதுதான். அதற்குப் பிறகு மங்காவில் ஏடா என்பவளின் சக்தியால் ஊரின் ஞாபகமே புரண்டுவிடுகிறது. கவாக்கிதான் நருட்டோவின் மகன் என்றும், போருட்டோ வெளியாள் என்றும் கிட்டத்தட்ட எல்லோரும் நம்புகிறார்கள். அப்பன் பேரில் பிழைக்கிறான் என்று ஏச்சு வாங்கியவனிடமிருந்து அந்தப் பேரையே பறித்துவிடுகிறார்கள். 2023 ஓகஸ்டில் தொடங்கிய இரண்டாம் பாகத்தின் பெயர் 'போருட்டோ: டூ ப்ளூ வோர்டெக்ஸ்'. அதில் நருட்டோ என்ற சொல் இல்லை. இதை மட்டும் பெடியளுக்கு இப்போதே சொல்லிவிடாதீர்கள். 218 போட்ட அன்றைக்குச் சொல்லலாம்.

அன்புடன்.